குறுக்கே கிடக்கும் குடாநாடு

வடக்கு வானம்: வரலாற்றுத் தொடர் – பகுதி 9

ஆந்திரக் கரையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திலிருந்து வரைபடத்தில் நேர் தெற்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு சென்னையின் மேலாக வரும். மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே கடலில் இறங்கும். பாக்கு நீரிணையின் வாயைக் கடந்து பருத்தித்துறையில் கரையேறும். அங்கிருந்து கரையோர வீதியால் மேற்கே பத்துக் கிலோமீற்றர் சொச்சம் வந்தால் தொண்டைமானாறு. ஏவுதளத்துக்கும் இந்த வடமராட்சிக் கரைக்கும் இடையில் ஏறக்குறைய 430 கிலோமீற்றர்.

துருவங்களுக்கு மேலாகப் பூமியைச் சுற்றும் செய்மதிகளை அனுப்ப வேண்டுமானால் தெற்கு நோக்கித்தான் ஏவ வேண்டும். காடு, வயல், குளம், கடற்கரை என்று நிலத்தைப் படம்பிடிக்கும் இந்தியச் செய்மதிகளில் பெரும்பாலானவை அப்படிச் சுற்றுபவை. அவற்றைச் சுமந்து செல்வதற்கென்றே செய்யப்பட்டது பி.எஸ்.எல்.வி. ரொக்கெட். ஆனால் துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. இந்தக் கோட்டில் பறப்பதில்லை. கிளம்பியதும் தென்கிழக்கே வங்கக் கடலுக்குள் ஒதுங்கும். இலங்கைக்குக் கிழக்கால் போகும்போது வலப்பக்கம் திரும்பித் தெற்கே முகம் வைக்கும். இந்தச் சுற்றுக்கு அது கொடுக்கும் விலை பெரிது. நாங்கள் இங்கே குடியிருப்பதால் கொடுக்கப்படும் விலை அது. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றை எழுதும்போது இதையும் எழுதியாக வேண்டும் என்று எனக்குப் பல காலமாக ஓர் எண்ணம்.

ஏன் அவ்வளவு விலை என்று விளங்க வேண்டுமானால் முதலில் நிலாவிடம் போக வேண்டும்.

தொண்டைமானாற்றுக்காரருக்கு நிலாவை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. செல்வச்சந்நிதி முருகனுக்கு ஆவணி அமாவாசையை ஒட்டிக் கொடியேறும். வளர்பிறை முழுவதும் திருவிழா. பூரணையில் ஆற்றில் தீர்த்தம். ஆற்றங்கரை மணலில் இராத்தங்கும் அடியவர்கள் முதல் நாட்களில் மேற்கே கீற்றாகக் காணும் பிறை, ஒவ்வொரு மாலையும் கிழக்கே தள்ளித் தள்ளித் தெரியும். தீர்த்தத்தையொட்டிய மாலையில் சூரியன் விழ, எதிர்ப்பக்கத்தில் முழுநிலவாக எழும். அந்தப் பதினைந்து நாளில் நிலா தன் பாதையில் ஓடி முடித்த தூரம் ஏறக்குறைய 13 இலட்சம் கிலோமீற்றர். செக்கனுக்கு ஒரு கிலோமீற்றருக்குச் சற்று மேல்.

இந்த ஓட்டத்தை எங்கள் ஊர்க் கணிதர்கள் எவ்வளவு நுணுக்கமாக அளந்து வைத்திருந்தார்கள் என்பதை இன்றைய மாணவர்கள் அறிய வேண்டும். யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்றும் புரளும் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் அந்த மரபின் பிள்ளை. வரருசியின் பெயரால் வழங்கும் 248 சிறு வாக்கியங்கள் அதன் அடிப்படை. எண்ணை எழுத்தாக்கும் கடபயாதி முறையில் ஒவ்வொரு வாக்கியத்துக்குள்ளும் ஒரு பாகைக் கணக்கு ஒளிந்திருக்கும். மனப்பாடமாக வைத்திருப்பவர் எழுத்தை எண்ணாக்கினால், அந்த நாள் முடிவில் நிலா எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும் என்று வரும். முதல் நாளுக்கு 12 பாகை 3 கலை. நிலா பூமிக்கு மிகத் தொலைவில் நின்று மிக மெதுவாக ஓடும் நாள் அது. கிட்ட வர வர ஓட்டம் கூடும். நாளுக்கு 14 பாகைக்கு மேல் போய், மறுபடி தளரும். தூரத்திலிருந்து புறப்பட்டுத் தூரத்துக்கே திரும்ப 27.55 நாள். அதை ஒன்பதால் பெருக்கினால் 248 நாள், ஏறக்குறையப் பிசிறே இல்லாமல். அதனால்தான் 248 வாக்கியங்கள். 249ஆம் நாள் மறுபடி முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கலாம்.

1825இல் ஜோன் வொரன் என்ற அதிகாரி புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, அந்த ஆண்டு மே மாத இறுதியில் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கையில் ஏடும் இல்லை, எழுதுகோலும் இல்லை. கிரகணத்தின் தொடக்கத்தில் அவருக்கு வந்த பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். வொரன் இதைத் தம் நூலில் பதிந்து வைத்தார். கணித வரலாற்று அறிஞர் ஒட்டோ நொய்கபவர் 1952இல் தமிழ் வானியலைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதை எடுத்து ஆராய்ந்தார்.

வொரன் கண்டதற்கு நான்கு ஆண்டு கழித்து யாழ்ப்பாணத்தில் நடந்ததைச் சென்ற பகுதியில் பார்த்தோம். 1829 மார்ச் 20ஆம் திகதிச் சந்திர கிரகணம். அராலி விசுவநாத சாத்திரியாரின் பஞ்சாங்கம் ஒன்று சொன்னது. வட்டுக்கோட்டை செமினரியின் டானியல் பூவர் வேறொன்று சொன்னார். அந்த இரவு ஊர் திரண்டு பார்த்தது. பூவரின் கணக்கே ஒத்து வந்தது. மிஷனரிமார் அதைத் தங்கள் மதத்தின் வெற்றியாகப் பேசினார்கள். சாத்திரியாரின் புகழுக்கு அது ஓர் அடி. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. பூவரின் கையிலிருந்த ஐரோப்பிய அட்டவணைகளில் சாத்திரியாரின் வாக்கியங்களில் இல்லாத ஒன்று சேர்ந்திருந்தது. அது சூரியனின் இழுவை.

இதைச் சற்று நின்று பார்ப்போம். நிலா சீராக ஓடினால் எங்கே இருக்குமோ அந்த இடத்துக்கும், அது உண்மையில் நிற்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் பழைய கணக்கில் உச்சமாக 5 பாகை. நிலாவின் நீள்வட்டப் பாதையால் மட்டும் வரும் வித்தியாசம் 6 பாகைக்கு மேல். ஆனால் நிலாவைப் பூமி மட்டுமா இழுக்கிறது? சூரியனும் இழுக்கிறது. அமாவாசையிலும் பூரணையிலும் சூரியனின் இழுவை அந்த 6 சொச்சத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட, மிஞ்சுவது 5 பாகை. கிரகணம் வருவதும் அந்த இரண்டு நாட்களில்தான். கிரகணத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்திய கணக்கு என்பதால் அமாவாசை, பூரணையில் பழைய கணக்கு ஓரளவு கைகொடுத்தது. அட்டமிப் பக்கம் போனால் சூரியன் எதிர்த் திசையில் வேலை செய்யும், பிழை பெருகும். வாக்கியத்துக்கும், நவீன வானியல் அளவுகளால் கணிக்கும் திருக்கணிதத்துக்கும் திதியில் மணிக்கணக்கான முரண் வருவதும் இதனால்தான். இரண்டு பஞ்சாங்கக்காரரும் சந்தி சந்தியாக வாதாடிய காலத்தில் இந்தக் காரணத்தை யாராவது பொறுமையாகச் சொல்லியிருந்தால் பல வீடுகளில் விரத நாள் சண்டை குறைந்திருக்கும்.

செமினரியின் அதிபராக இருந்த ஹென்றி ஹொய்சிங்ரன் பூவரைவிட நிதானமானவர் என்று சொல்வேன். உள்ளமுடையான் என்ற தமிழ்ச் சோதிட கணித நூலை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்து, விரிவான விளக்கங்களோடு 1848இல் யாழ்ப்பாணம் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பதிப்பித்தார். எதிர்த்து வாதிட வந்தவர் படித்து எழுதும் அளவுக்கு எங்கள் கணக்கில் சரக்கு இருந்தது.

ஆனாலும் ஒரு கேள்வி இந்தக் கணக்குகளுக்கு வெளியே நின்றது. நிலா எங்கே, எப்போது என்று வாக்கியம் சொல்லும். நிலா ஏன் விழவில்லை என்று அது கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு 1687இல் நியூட்டன் தந்த பதில் பலருக்கு இன்றும் நம்பச் சிரமமாக இருக்கிறது. நிலா விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒரு மலையுச்சியில் பீரங்கியை வைத்து, கிடையாகச் சுட்டால் என்ன ஆகும் என்று அவர் யோசித்தார். அவர் இறந்த பின் 1728இல் வெளிவந்த நூலில் அந்தப் படம் இருக்கிறது. எங்கள் பக்கம் மலை கிடையாது. கடலை வைத்துப் பார்க்கலாம். தொண்டைமானாற்றுக் கரையில் நின்று வடமேற்கே பார்த்தால் எதிர்க்கரையில் கோடிக்கரை. ஏறக்குறைய 60 கிலோமீற்றர். நடுவில் கடல் பாய் விரித்த மாதிரித் தட்டையாகத் தெரியும். உண்மையில் இங்கிருந்து கிடையாக ஒரு நேர்கோட்டை நீட்டிக்கொண்டே போனால், கோடிக்கரைக்கு வரும்போது அது கடல் மட்டத்திலிருந்து 283 மீற்றர் உயரத்தில் நிற்கும். கோடு ஏறவில்லை, பூமி வளைந்து கீழே போயிருக்கிறது. அதே மாதிரி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஒரு நேர்க்கம்பியை இழுத்துக் கட்ட முடியுமானால், நடுக்கடலில் அந்தக் கம்பி 70 மீற்றர் ஆழத்தில் கிடக்கும். நீரிணை அங்கே அவ்வளவு ஆழமில்லை. கம்பி கடலடி மண்ணுக்குள்ளால்தான் போக வேண்டும்.

இப்போது இங்கிருந்து ஒரு குண்டைக் கிடையாகச் சுடுவோம். காற்றின் தடையில்லை என்று வைத்துக்கொள்வோம். வேகம் செக்கனுக்கு 7.9 கிலோமீற்றர். கோடிக்கரைக்கு மேலே வர அதற்கு 7.6 செக்கன் எடுக்கும். எந்தப் பொருளும் புறப்பட்ட கணத்திலிருந்து விழத் தொடங்கும். தென்னையிலிருந்து கழன்ற தேங்காயும் சுட்ட குண்டும் முதல் செக்கனில் விழும் தூரம் ஒன்றே, 4.9 மீற்றர். 7.6 செக்கனில் 283 மீற்றர். குண்டு 283 மீற்றர் விழுந்திருக்கிறது. கடலும் அதே 283 மீற்றர் கீழே இறங்கியிருக்கிறது. ஆக, குண்டுக்கும் கடலுக்கும் இடையில் தொடக்கத்தில் எவ்வளவு இடைவெளி இருந்ததோ அவ்வளவே இப்போதும் இருக்கிறது. அடுத்த 60 கிலோமீற்றரிலும் இதே கதை. இப்படியே தஞ்சாவூர், தக்காணம் என்று கடந்து, உலகைச் சுற்றி, 84 நிமிடத்தில் குண்டு முதுகுப்பக்கமாகத் தொண்டைமானாற்றுக்குத் திரும்பி வரும். வேகம் இதைவிடக் குறைந்தால் வழியில் எங்காவது நிலத்தில் மோதும். சுற்றுப்பாதை என்பதில் இதற்கு மேல் மந்திரம் எதுவுமில்லை.

நியூட்டன் இதே கணக்கை நிலாவுக்குப் போட்டார். பூமியின் ஆரையைப்போல் 60 மடங்கு தொலைவில் நிலா இருக்கிறது. தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஈர்ப்புக் குறையுமானால், அங்கே அது 60 இன் வர்க்கமான 3600இல் ஒரு பங்காக இருக்க வேண்டும். 4.9 மீற்றரை 3600 ஆல் வகுத்தால் 1.36 மில்லிமீற்றர். நிலாவின் பாதையை அளந்து பார்த்தால், செக்கனுக்கு 1.02 கிலோமீற்றர் ஓடும் அது நேர்கோட்டிலிருந்து உள்நோக்கி விலகும் தூரமும் 1.36 மில்லிமீற்றர். தேங்காயை விழுத்தும் அதே விசைதான் நிலாவையும் வளைக்கிறது. வாக்கியக் கணிதர்கள் கண்ட அந்த வேக மாற்றத்துக்கும் விடை இங்கேயே இருக்கிறது. நிலா பூமியை நெருங்கி வரும் பாதியில் உண்மையாகவே விழுந்து வேகம் எடுக்கிறது. விலகிப் போகும் பாதியில் ஏறி ஏறித் தளர்கிறது. கிட்டிய புள்ளியில் 3 இலட்சத்து 63 ஆயிரம் கிலோமீற்றர். தொலைவான புள்ளியில் 4 இலட்சத்து 5 ஆயிரம். 248 வாக்கியங்களிலும் பதிந்திருப்பது இந்த இறக்கமும் ஏற்றமும்.

நிலாவும் பதிலுக்கு எங்களை இழுக்கிறது. உப்புக்காகத் தொண்டைமான் வெட்டுவித்த ஆறு என்று யாழ்ப்பாண வைபவமாலை சொல்லும் இந்தக் கழிமுகத்தில், 1953இல் கட்டி முடித்த தடுப்பணைக் கதவுகளின் கடற்பக்கம் நின்றால் வற்றுப்பெருக்கைக் கண்ணால் காணலாம். வட கடலில் அது சிறியது. உலகக் கடல்கள் எல்லாவற்றிலும் நடக்கும் இந்த ஏற்ற இறக்கம் பூமியின் சுழற்சியை மெல்ல மெல்லத் தளர்த்தி, அந்த உந்தத்தை நிலாவுக்குக் கொடுக்கிறது. அதனால் நிலா ஆண்டுக்கு 3.8 சென்ரிமீற்றர் வீதம் விலகிப் போகிறது. நிலாவில் இறங்கியவர்கள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் பட்டுத் தெறிக்க வைத்து இதை அளக்கிறார்கள்.

நியூட்டனின் குண்டு உண்மையில் சுடப்பட 1957 ஒக்டோபர் 4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்புட்னிக் 83.6 கிலோ, 96 நிமிடத்துக்கு ஒரு சுற்று, மூன்று மாதத்தில் எரிந்து விழுந்தது. 1963 நவம்பரில் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்ற மீனவக் கிராமத்திலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ரொக்கெட் கிளம்பியது. அது செங்குத்தாகப் போய்க் கடலில் விழும் வகை. உயரம் போவது ஒன்று, சுற்றுப்பாதையில் நிற்பது வேறொன்று. சுற்றுப்பாதைக்கு வேண்டியது பக்கவாட்டு வேகம். அதை இந்தியா 1980 ஜூலை 18இல் எட்டியது. எஸ்.எல்.வி.-3, ரோகிணி செய்மதியை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சுற்றுப்பாதையில் விட்டது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் இராமேஸ்வரத்துப் பிள்ளை அப்துல் கலாம். ரோகிணியின் எடை வெறும் 35 கிலோ.

பி.எஸ்.எல்.வி.யின் கதை 1993 செப்டெம்பர் 20இல் தோல்வியோடு தொடங்கியது. அடுத்த முயற்சி 1994 ஒக்டோபர் 15. 804 கிலோ எடையுள்ள ஐ.ஆர்.எஸ்.-பி2 செய்மதி 820 கிலோமீற்றர் உயரத்தில் துருவப் பாதையில் நின்றது. இங்கேதான் எங்கள் குடாநாடு கதைக்குள் வருகிறது.

அந்தப் பாதை சூரியனோடு ஒத்துப் போவது. செய்மதி ஓர் ஊரின் மேலாக வரும்போதெல்லாம் அங்கே ஒரே உள்ளூர் நேரமாக இருக்கும். அப்போதுதான் இந்த மாதப் படத்தையும் அடுத்த மாதப் படத்தையும் நிழல் மாறாமல் ஒப்பிடலாம். பூமி நடுவில் சற்றே பருத்திருப்பதால் இது கைகூடுகிறது. நடுக்கோட்டு ஆரை, துருவ ஆரையைவிட 21 கிலோமீற்றர் பெரிது. அந்தப் பருமன் செய்மதியின் பாதைத் தளத்தை நாளுக்கு ஒரு பாகை அளவு திருப்பிக்கொண்டே இருக்கும். சூரியனும் வானத்தில் நாளுக்கு ஒரு பாகைதான் நகர்கிறது. இரண்டையும் பொருத்த வேண்டுமானால் பாதை நடுக்கோட்டுக்கு 98 பாகைச் சாய்வில் இருக்க வேண்டும். அதாவது ரொக்கெட் தெற்கே, சற்று மேற்குச் சாய்ந்து போக வேண்டும்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே என்றால் முதலில் சென்னை. பிறகு தமிழ்நாட்டுக் கரை, பாக்கு நீரிணை, இலங்கைத் தீவு. பல அடுக்குள்ள ரொக்கெட் எரிந்து முடிந்த அடுக்குகளை வழியில் கழற்றிப் போட்டுக்கொண்டே போகும். தொன் கணக்கான அந்த இரும்பு கடலில்தான் விழ வேண்டும். ஏதாவது பிசகி முழு ரொக்கெட்டும் விழுந்தாலும் அதுவும் கடலில்தான் விழ வேண்டும். ஆகவே பி.எஸ்.எல்.வி. வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்தால் 140 பாகையில், தென்கிழக்கே முகம் வைத்துக் கிளம்புகிறது. இலங்கைக்கு ஆபத்தில்லாத தூரம் போன பிறகே வலப்பக்கம் திரும்புகிறது.

திரும்புவது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். வீதியில் ஓடும் வாகனத்துக்குச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பத் தரை இருக்கிறது. வெற்றிடத்தில் தரை இல்லை. பழைய திசையிலுள்ள வேகத்தை எரிபொருள் எரித்து அழித்து, புதிய திசை வேகத்தையும் எரிபொருள் எரித்தே உண்டாக்க வேண்டும். கணக்கு விளங்க 45 பாகை திரும்புவதாக வைப்போம். செக்கனுக்கு 7.4 கிலோமீற்றர் என்ற முழுச் சுற்றுப்பாதை வேகத்தில் போகும்போது திரும்பினால், அதற்கு மட்டும் செக்கனுக்கு 5.7 கிலோமீற்றர் வேக மாற்றம் வேண்டும். தரையிலிருந்து சுற்றுப்பாதைக்கு ஏறுவதற்கான உழைப்பில் பாதிக்கு மேல் அது. செக்கனுக்கு 3 கிலோமீற்றரில் போகும்போதே திரும்பிவிட்டால் 2.3 போதும். அதனால் மேலேறிக்கொண்டே, வேகம் முற்றாக ஏறு முன்பே, இந்தத் திருப்பத்தைச் செய்கிறார்கள். அப்போதும் இழப்பு இழப்புத்தான். எரிந்து போகும் எரிபொருளுக்குப் பதிலாகச் செய்மதியின் எடையில் குறைத்துக்கொள்ள வேண்டும். பி.எஸ்.எல்.வி. போன்ற 44 மீற்றர் உயர ரொக்கெட் இதைத் தாங்கும். சிறிய ரொக்கெட்டுக்கு இது முதுகை முறிக்கும் சுமை.

இரவில் ஏவப்படும்போது வானம் வெளித்திருந்தால் இந்தத் திருப்பத்தின் ஒரு பகுதியை எங்கள் கரையிலிருந்தே பார்க்கலாம். 430 கிலோமீற்றர் தொலைவில் பூமியின் வளைவு மறைப்பது முதல் 15 கிலோமீற்றர் உயரத்தைத்தான். அதற்கு மேல் ஏறியது தொடுவானத்துக்கு மேல் வந்துவிடும். நேர் வடக்கே கடலுக்கு மேல் ஒரு வெளிச்சப் புள்ளி எழுந்து, கிழக்குப் பக்கம் சாய்ந்து சாய்ந்து போகும். அது சாய்ந்து போவது எங்களுக்காகத்தான்.

இதில் என்னை எப்போதும் யோசிக்க வைப்பது வேறொன்று. எங்கள் தலைக்கு மேலால் போகக் கூடாது என்று ஒதுங்கிப் போன அதே ரொக்கெட் விட்டுவிட்டு வந்த செய்மதி, பிறகு தொண்டைமானாற்றின் மேலாகத் தாராளமாகப் போகிறது. 101 நிமிடத்துக்கு ஒரு சுற்று. நாளுக்கு 14 சுற்று. கீழே பூமி சுழல்வதால் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு நாடுகள். சில நாட்களுக்கு ஒருமுறை சந்நிதி கோயில் முகப்பும், வெளி வாய்க்காலும், உப்பு விளைந்து வெள்ளை பூத்த தரவையும் அதன் கண்ணுக்குக் கீழே வரும். யாருக்கும் பயமில்லை. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தமும் அந்த உயரத்தில் எந்த நாட்டுக்கும் எல்லை கிடையாது என்கிறது. ஈர்ப்பு அங்கே இல்லாமல் போய்விட்டதா? 820 கிலோமீற்றர் உயரத்திலும் தரையிலுள்ள ஈர்ப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இருக்கிறது. முதல் செக்கனில் 3.9 மீற்றர் விழும். ரொக்கெட்டும் விழும் பொருள், செய்மதியும் விழும் பொருள். பாதி வேகத்தில் இருப்பது எங்கள் கூரையில் விழும். முழு வேகம் பிடித்தது பூமியைத் தப்பித் தப்பி விழுந்துகொண்டே போகும். அந்த 7.4 கிலோமீற்றரை எட்டு முன் அது எங்களுக்கு ஆபத்து, எட்டிய பிறகு இல்லை.

இலங்கையின் பெயரில் போன ராவணா-1 இந்தக் கணக்கை வேறு விதத்தில் காட்டியது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில் இலங்கைப் பொறியியலாளர் இருவர் உருவாக்கிய, கையில் அடங்கும் சிறு பெட்டி அது. பக்கம் 10 சென்ரிமீற்றர், எடை ஒரு கிலோ சொச்சம். 2019 ஏப்ரலில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூன் 17 அன்று அங்கிருந்து விடப்பட்டது. நிலையத்தின் எடை 400 தொன்னுக்கு மேல். ஒரு கிலோப் பெட்டியும் 400 தொன் நிலையமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில், செக்கனுக்கு 7.66 கிலோமீற்றரில், ஒரே பாதையில் சுற்றின. ஈர்ப்பு விசையைப் பாதையை வளைக்க வேண்டிய மையநாட்ட விசைக்குச் சமப்படுத்தினால், செய்மதியின் திணிவு இரண்டு பக்கத்திலும் வெட்டுப்பட்டுப் போகும். மிஞ்சுவது பூமியின் திணிவும் பாதையின் ஆரையும் மட்டும். ஆனால் 400 கிலோமீற்றர் உயரத்தில் காற்று முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. மிக மெல்லிய அந்தக் காற்றில் உரசி உரசிச் சிறு பெட்டி உயரத்தை இழந்தது. நிலையம் அவ்வப்போது இயந்திரத்தை இயக்கி மேலேறிக்கொள்ளும். ராவணா-1 இல் அதற்கு வழியில்லை. 2021இல் அது வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது.

திணிவு வெட்டுப்பட்டுப் போகும் அந்த வரியை உயர்தரப் பௌதிகம் படிக்கும் ஒவ்வொரு தமிழ் மாணவரும் எழுதியிருப்பார். அதை எழுத வைத்ததில் இந்த ஊரின் பெயர் சேர்ந்திருக்கிறது. தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் நடத்தும் தவணைப் பரீட்சைகளின் வினாத்தாள்கள் வடக்கு முழுவதும் போகின்றன. போர்க் காலத்திலும் இங்கே மண்ணெண்ணெய் விளக்கில் ஈர்ப்புப் புலக் கணக்குப் போட்ட தலைமுறைகள் இருந்தன. சாத்திரியார் ஒரு மொழியில் கணித்து, பூவர் இன்னொரு மொழியில் மறுத்த அதே வானத்தை, காரணத்தோடு, தமிழிலேயே கற்றவர்கள் இவர்கள். எங்கள் வரலாற்றில் இதை நான் பெரிய விடயமாக மதிக்கிறேன். ஓர் ஏவுதளமும் இல்லாத குடாநாடு வானியலில் எடுத்து வைத்த அடி இதுதான்.

இனி ஒரு செய்தி. 2024 பெப்ரவரி 28 அன்று தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தசராவுக்கும் முத்தாரம்மன் கோயிலுக்கும் பெயர்போன கடலோர ஊர். அங்கிருந்து பார்த்தால் இலங்கை கிழக்குப் பக்கம் ஒதுங்கிவிடும். தெற்கே அண்டார்க்டிகா வரை கடல்தான். எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ரொக்கெட் அங்கிருந்து திருப்பம் எதுவும் இல்லாமல் நேராகத் தெற்கே கிளம்பலாம். பெரிய பி.எஸ்.எல்.வி.களுக்கு ஸ்ரீஹரிகோட்டாதான். அவை முன்போலவே தென்கிழக்கே ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போகும்.

(அடுத்த பகுதியில்: பிற்காலத்தில் கொழும்பில் குடியிருந்த ஆதர் சி. கிளார்க் 1945இல் எழுதிய கட்டுரையும், யாழ்ப்பாணத்துக் கூரைகளில் ஏறக்குறைய உச்சியைப் பார்த்து நிற்கும் டிஷ் அன்ரனாக்களும்.)